தறியடியில் ஒரு குறுங்காணொளி: பட்டுப் புடவையை முப்பத்தைந்து விநாடியில் காட்டுவது எப்படி

காஞ்சிபுரத்தில் ஒரு கோர்வைப் புடவை, அதாவது பார்டரையும் உடலையும் தறியிலேயே கோத்து நெய்யும் புடவை, தறியிலிருந்து இறங்குவதற்கு, வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்துப் பதினைந்து நாளும் ஆகலாம், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். கைபேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போகும் ஒருவருக்கு அந்த உழைப்பை அரை நிமிடத்தில் புரியவைக்க வேண்டிய தேவை நெசவுக் குடும்பங்களுக்கும் சிறு புடவைக் கடைக்காரர்களுக்கும் இன்று வந்திருக்கிறது. அப்படிப்பட்ட சில குடும்பங்களுக்குக் காணொளி எடுத்துக் கொடுத்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். தொடக்கத்தில் புடவையின் முழுக் கதையையும் ஒரே காணொளிக்குள் அடைக்க முயன்றேன். கோபுரம், தெரு, சாயத் தொட்டி, பாவு எனும் நீளவாக்கு நூல், தறி, மடித்து வைத்த புடவை, அதைக் கட்டிய மணப்பெண் என எல்லாம் இரண்டிரண்டு விநாடி வந்து போயின. பார்த்தவர்கள் மனத்தில் எதுவும் தங்கவில்லை. ஒரு செயல், அதைச் செய்யும் கை, அப்படிச் செய்வதற்கான காரணம் ஆகிய மூன்றை மட்டுமே ஒரு குறுங்காணொளி தாங்கும் என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

எதை எடுப்பது

கடைக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு வாரம் அப்படியே எழுதி வையுங்கள். பார்டரும் உடலும் வேறு வேறு நிறமாக இருக்கிறதே, இரண்டையும் தைத்திருக்கிறார்களா? ஜரிகைக்குள் என்ன இருக்கிறது? முந்தி மட்டும் எப்படி நிறம் மாறுகிறது? நெசவாளர் ஏன் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறார்? விடியற்காலையில் தெருவில் நீளமாக நூலைக் கட்டி என்ன செய்கிறார்கள்? இவை ஐந்து கேள்விகள், ஆகவே ஐந்து காணொளிகள். வாங்க வந்தவர் தம் வாயால் கேட்ட கேள்விக்கு, நாமே உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கும் தலைப்புகளுக்கு இல்லாத ஒரு பலம் உண்டு: அதே கேள்வி இன்னும் பலருடைய மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

இந்தக் கட்டுரைக்கு முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். கோர்வை நெசவில், ஊடை எனப்படும் குறுக்கு நூலைச் சுமந்து செல்லும் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. இரண்டு பார்டருக்கும் ஒவ்வொன்று, நடுவில் உடலுக்கு ஒன்று. பார்டரின் ஊடையும் உடலின் ஊடையும் எல்லையில் சந்தித்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்புகின்றன. தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே மூன்று நாடாவையும் ஓட்டுவது கடினம் என்பதால், மறுபக்கப் பார்டரைக் கவனிக்கத் துணைக்கு இன்னொருவர் வழக்கமாக உட்கார்ந்திருப்பார். இதில் காட்ட வேண்டிய செயல் தெளிவாக இருக்கிறது, காரணமும் தெளிவாக இருக்கிறது, கைகள் நான்கு இருக்கின்றன. இதற்கு மேல் இந்தக் காணொளியில் எதையும் சேர்க்க வேண்டாம். ஜரிகையைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடலாமே என்று ஆசை வரும், அதை அடுத்த காணொளிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று விநாடி

பார்ப்பவர் நிற்பதா தள்ளிவிடுவதா என்று முடிவெடுப்பது முதல் இரண்டு மூன்று விநாடிகளில்தான். அந்த நேரத்தைத் தங்கள் கடையின் பெயர்ப்பலகைக்கோ, சுழன்று வரும் முத்திரைக்கோ, “எல்லாருக்கும் வணக்கம்” என்ற வார்த்தைக்கோ கொடுப்பவர்கள் பலர். வணக்கம் சொல்வது நம் பண்பாடு என்று ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டதுண்டு. அவருடைய உணர்வை மதிக்கிறேன். ஆனாலும், தெருவில் நடந்து போகிறவரை நிறுத்துவது தறியின் சத்தமும் நூலின் நிறமும்தான், நின்ற பிறகுதான் வணக்கத்துக்கு இடம் வருகிறது.

நான் எழுதித் தந்த ஒரு காணொளியின் அமைப்பை அப்படியே சொல்கிறேன். திரை திறந்தவுடன் மிக அருகில் பச்சை உடலும் அரக்குப் பார்டரும் சேரும் கோடு தெரிகிறது. அரக்கு நூல் சுற்றிய நாடா பாவுக்குள் நுழைந்து, பச்சையின் விளிம்பில் சரியாக நின்றுவிடுகிறது. அதே நேரத்தில் குரல், “இந்தப் பச்சையும் இந்த அரக்கும் சேருகிற இடத்தில் தையலே கிடையாது” என்கிறது. மூன்றாவது விநாடியிலிருந்து பன்னிரண்டாவது வரை கேமரா பின்னுக்கு வந்து இரண்டு பேரையும் காட்டுகிறது: தறியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பார்டரையும் உடலையும் நெய்கிறார், பக்கத்தில் இருப்பவர் மறு பார்டரை நெய்கிறார், மூன்று நாடா, இரண்டு ஜோடிக் கை. அடுத்த பத்து விநாடி மீண்டும் அருகில், பாதி வேகத்தில், பச்சை இழையும் அரக்கு இழையும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்புவது மட்டும். அதன் பிறகு ஏழெட்டு விநாடி குரலே இல்லை. ஊடையை நெருக்க அச்சை இழுத்து அடிக்கும் ஓசை மட்டும் கேட்கிறது. கடைசி ஐந்து விநாடியில் முடிந்த புடவையைப் பின்பக்கமாகத் திருப்பி, இணைப்பின் மேல் ஒரு விரல் மெல்ல நகர்கிறது. அந்த விரல் நிற்கும் இடமும் காணொளியின் முதல் காட்சியும் ஒரே கோட்டில் இருப்பதால், அது மறுபடி தொடங்கும்போது தொடங்கியது தெரியாமலே ஓடுகிறது, பலர் இரண்டாம் முறையும் பார்த்துவிடுகிறார்கள்.

குரலுக்கான வசனத்தை எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். நிதானமாகப் பேசும் தமிழில் விநாடிக்கு இரண்டு சொல்லுக்குச் சற்று மேல்தான் அடங்கும். முப்பத்தைந்து விநாடியில் மௌனத்துக்கும் இடம் விட்டால் கையில் இருப்பது ஐம்பது அறுபது சொற்கள். “பாரம்பரியமிக்க”, “உலகப் புகழ் பெற்ற” போன்ற சொற்களுக்கு அதில் இடமில்லை.

படம் பிடித்தல்

படம் பிடிப்பதற்கு முந்தின நாளே நெசவாளர் வீட்டுக்குப் போய், எங்கே வெளியிடப் போகிறோம், முகம் தெரியலாமா, வீட்டின் எந்தப் பகுதி வரக்கூடாது என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். புது டிசைன் தறியில் இருந்தால் அதன் விவரம் தெரியாதபடி எடுப்பது நல்லது; படம் வெளிவந்த பின் விசைத்தறியில் அதை நகலெடுப்பதைத் தடுக்க ஒரு நெசவாளரால் எளிதில் முடியாது. குழந்தைகள் பக்கத்தில் விளையாடினால் சட்டகத்துக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்றை நான் மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன்: நெசவுக்கூலி பெரும்பாலும் புடவைக் கணக்கில் கிடைப்பது. “இன்னொரு தடவை நாடாவை ஓட்டுங்கள் அண்ணா” என்று நாம் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய கூலி நேரம்தான் குறைகிறது. அரை நாள் எடுத்தால் அரை நாளுக்கான பணத்தை முன்கூட்டியே பேசிக் கொடுத்துவிடுங்கள்.

குழித்தறி இருக்கும் அறை பெரும்பாலும் இருட்டாகவே இருக்கும். ஒரு ஜன்னல், மேலே ஒரு டியூப்லைட். காலை வெளிச்சம் ஜன்னல் வழியாகப் பக்கவாட்டில் விழும் நேரத்தைத் தேர்ந்தெடுத்தால் பட்டின் மினுமினுப்பு தானாக வந்துவிடும். நேர் மேலிருந்து விழும் விளக்கொளியில் அதே பட்டு தட்டையாகத் தெரியும். டியூப்லைட்டை அணைக்க முடியாவிட்டால் ஒரு தொல்லை வரும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அத்தகைய விளக்குகள் விநாடிக்கு 100 முறை மினுங்கக்கூடும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுங்கல் காணொளியில் பட்டைப் பட்டையாக ஓடும். கைபேசி கேமராவின் புரோ முறையில் ஷட்டர் வேகத்தை விநாடியில் 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு என்று நிறுத்தினால் பட்டைகள் மறையும்.

புடவை விற்பவருக்கு நிறம்தான் சரக்கு. அரக்கு திரையில் சிவப்பாகவும், மயில்கழுத்து வெறும் நீலமாகவும் தெரிந்தால், வாங்கியவர் பெட்டியைப் பிரித்ததும் ஏமாந்துபோவார். ஜரிகை ஒவ்வொரு அசைவிலும் பளிச்சிடுவதால் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், நிறமும் கூடவே அலைபாயும். இதைத் தவிர்க்க, நூல் சேரும் கோட்டின் மேல் விரலைச் சில விநாடி அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அது திரையிலும் வெள்ளையாகவே தெரியும்படி ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, அந்த அளவைக் கடைசி வரை மாற்றாமல் எடுங்கள். எம்.எஸ். சுப்புலட்சுமி விரும்பிக் கட்டியதால் எம்.எஸ். புளூ என்றே பெயர் பெற்ற நீலத்தைச் சரியாகப் பிடிப்பதற்கு நான் ஒரு முழுக் காலையைச் செலவிட்டிருக்கிறேன். ஃபில்டர்களை இந்த வேலையில் தொடவே கூடாது.

கைபேசியைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சட்டகம் 9:16, அளவு 1080க்கு 1920 பிக்சல். லென்ஸைத் துணியால் துடைத்த பிறகே தொடங்குங்கள், தறியறையில் நூல்தூசி எப்போதும் இருக்கும். டிரைபாடைத் தறிச் சட்டத்தின் மேல் மாட்டாதீர்கள். ஒவ்வோர் அடிக்கும் தறி அதிரும், படமும் அதிரும். தரையில் ஒரு முழம் தள்ளி வைத்தால் போதும். ஜூம் செய்யாமல் கைபேசியையே அருகில் கொண்டு போங்கள். நாடா நுழைவதை விநாடிக்கு 60 ஃப்ரேமில் எடுத்தால், பின்னர் பாதி வேகத்தில் ஓட்டும்போது படம் துள்ளாது. மேலிருந்து, பக்கத்திலிருந்து, குழிக்குள் மிதிக்கட்டையை மிதிக்கும் கால், நெய்பவரின் முகம் என நான்கைந்து கோணங்களை, ஒவ்வொன்றையும் அசைக்காமல் எட்டுப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதி பயன்படாது, ஆனால் எது பயன்படும் என்று அங்கே நிற்கும்போது தெரியாது.

ஓசை

குறுங்காணொளியில் ஓசைக்குக் கிடைக்கும் மதிப்பு படத்துக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லை என்பது என் மனக்குறை. தறிக்கு ஒரு தாளம் இருக்கிறது: மிதிக்கட்டை, நாடா, அடி. அதைக் கைபேசியைத் தறிக்குப் பக்கத்தில் ஒரு துணி மேல் வைத்து இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். பேசும் குரலை வீட்டுக்கு வந்து, மெத்தையும் திரைச்சீலையும் உள்ள அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள். தொகுக்கும்போது குரல் வரும் இடத்தில் தறியோசை தாழட்டும், குரல் நின்றதும் உயரட்டும்.

திரைப்பாடலைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால் உரிமையை யோசியுங்கள். இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்கு வைத்திருப்பவர்களுக்குப் பாடல் தொகுப்பு முழுவதும் கிடைப்பதில்லை. யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியில் இருக்கும் பாடலுக்கு உரிமைகோரல் விழுந்தால் காணொளியே முடக்கப்படும். யூடியூபின் ஆடியோ லைப்ரரி போன்ற இடங்களில் தடையின்றிப் பயன்படுத்தும் இசை இருக்கிறது. ஆயினும் தறியோசை இருக்கும்போது வேறு இசை எதற்கு என்பதே என் கருத்து.

தொகுத்தலும் எழுத்தும்

பேருந்திலும் அலுவலகத்திலும் பலர் ஒலியை நிறுத்திவிட்டே பார்க்கிறார்கள். ஆகவே குரலில் வருவது எழுத்திலும் வர வேண்டும். தானாக எழுத்தாக்கும் வசதியை நம்பி அப்படியே விட்டுவிடாதீர்கள். ஊடை, கோர்வை, நாடா போன்ற தொழில் சொற்களை அது வேறு எதுவாகவோ எழுதிவிடும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, அதனால் ஒரு வரிக்கு மூன்று சொல், ஒரு நேரத்தில் இரண்டு வரி என்பது வசதியான அளவு. திரையின் கீழ்ப்பகுதியில் கணக்கின் பெயரும் குறிப்பும், வலப்பக்கத்தில் பொத்தான்களும் வந்து மூடிவிடும்; எழுத்தை நடுப்பகுதிக்குச் சற்று மேலே வையுங்கள். சில தொகுப்புச் செயலிகளின் எழுத்துருக்களில் தமிழ் உடைந்து, “கோர்வை” என்று எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து நிற்கும். வெளியிடுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தையும் கைபேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். தம் மொழியையே பிழையாக எழுதும் கடையை நம்பி யார் ஆயிரக்கணக்கில் பணம் கொடுப்பார்?

வெட்டும் இடம் கையின் அசைவைப் பொறுத்தது. நாடா நுழையத் தொடங்கும்போது ஒரு கோணத்தில் வெட்டி, அது வெளிவருவதை இன்னொரு கோணத்தில் தொடர்ந்தால் கண்ணுக்கு வெட்டு தெரியாது. சுழன்று மாறும் படங்கள், மின்னல் விளைவுகள் எதுவும் வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும் எழுத்தும் முத்திரையும் இல்லாத ஒரு பிரதியைத் தனியே சேமித்து வையுங்கள். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளை இந்திய அரசு தடை செய்தபோது, தம் காணொளிகளை அந்தச் செயலியில் மட்டுமே வைத்திருந்தவர்கள் பார்வையாளர்களோடு படைப்புகளையும் இழந்து நின்றார்கள். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவுக்கு வந்தன. மூலப் பிரதி கையில் இருந்தவர்களால் உடனே இடம் மாற முடிந்தது. வேறு செயலியின் முத்திரை தெரியும் காணொளிகளைத் தான் குறைவாகவே பரிந்துரைப்பதாக இன்ஸ்டாகிராம் 2021லேயே அறிவித்திருக்கிறது என்பதும் முத்திரையில்லாப் பிரதிக்கு இன்னொரு காரணம்.

வெளியிடுதலும் கணக்குப் பார்த்தலும்

2024 அக்டோபர் 15 முதல் ஷார்ட்ஸும், 2025 ஜனவரி முதல் ரீல்ஸும் மூன்று நிமிடம் வரை போகலாம். இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பாதீர்கள். கோர்வைக்கு முப்பத்தைந்து விநாடி போதும், முந்தியைப் பாவோடு இழை இழையாகச் சேர்க்கும் பேட்னி வேலைக்கு ஒரு நிமிடம் கேட்கலாம். தலைப்பில் வாடிக்கையாளரின் கேள்வியையே அவருடைய சொற்களில் போடுங்கள்.

காணொளிக்கு ஒரு கடை பணமோ புடவையோ கொடுத்திருந்தால், அது விளம்பரம் என்று காணொளியிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் கேட்கிறது. அசல் ஜரிகை என்று சொன்னால் அது அசலாகவே இருக்க வேண்டும்: பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதன் மேல் தங்கப் பூச்சு. பட்டு என்று சொன்னால், தூய பட்டு என்று சான்று தரும் சில்க் மார்க் சீட்டைப் படத்தில் காட்டிவிடுங்கள், வாதமே எழாது.

எண்களில் பார்வை எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். 2025 மார்ச் 31 முதல் யூடியூப், ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே ஒரு பார்வை என்று கணக்கிடுகிறது. ஆகவே அந்த எண் பெரிதாகத் தெரிவதில் பெருமைப்பட ஏதுமில்லை. எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பேர் தள்ளிவிட்டுப் போனார்கள், பார்த்துக்கொண்டிருப்பவர்களின் அளவைக் காட்டும் கோடு எந்த விநாடியில் சரிகிறது என்பவற்றைப் பாருங்கள். இரண்டாவது விநாடியில் சரிந்தால் முதல் காட்சி தவறு. பன்னிரண்டாவதில் சரிந்தால் விளக்கம் நீண்டுவிட்டது. கடைசியில்தான் சரிகிறது என்றால் திருப்தியடையலாம். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி, பார்க்கும் நேரம், விருப்பக் குறி, பிறருக்கு அனுப்புதல் ஆகியவற்றையே முக்கியமான அளவுகோல்களாகச் சொல்லியிருக்கிறார். இவற்றில் அனுப்புதலைத்தான் நான் கூர்ந்து கவனிக்கிறேன். ஒரு பெண் கோர்வைக் காணொளியைத் தன் அம்மாவுக்கு அனுப்புகிறாள் என்றால், அந்த வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு நடக்கிறது என்றே பெரும்பாலும் பொருள்.

வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முடிந்த காணொளியைப் படத்தில் இருக்கும் நெசவாளரிடம் கொண்டுபோய், ஒலியோடு ஒருமுறை, ஒலியில்லாமல் ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் பாவை ஊடை என்றும் ஊடையைப் பாவு என்றும் மாற்றிப் பேசியிருந்தேன். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா, “தம்பி, நீளமா போறது பாவு, குறுக்கே போறதுதான் ஊடை, இதை மாத்திடுங்க” என்று பொறுமையாகச் சொன்னார். அன்று இரவே குரலை மறுபடி பதிந்து, மறுநாள் காலையில் அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் வெளியிட்டோம்.